பதவியில் இருக்கும் வரைக்கும்

ராதாமணிக்கு அந்தப் பின்லாந்துக்காரன் பேரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பின்னே என்ன? மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் பாதியைப் பிடித்துக்கொண்டு நகருவேனா என்கிறான். ஆள் செத்து எழுபது வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் அவன் காகிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் சோற்றுச் சட்டியை இறக்க வேண்டியிருக்கிறது. அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தவர் அவள் புருஷன் அப்பாசாமி. யாங்கோனில் ஒரு அச்சாபீஸில் முப்பத்தெட்டு வருஷம் பிழை திருத்திவிட்டு, இப்போது வீட்டிலிருந்தே இங்கிலீஷ் புத்தகங்களைப் பர்மிய மொழிக்கு மாற்றிக் கொடுக்கிறார். உலக நாட்டுத் தலைவர்கள் என்று ஒரு வரிசை. போன வருஷம் ஆப்பிரிக்காக்காரர் ஒருத்தர் வந்து போனார், நல்ல மனுஷன், இரண்டே மாதத்தில் முடிந்துபோனார். இந்த வருஷம் ரிஸ்தோ ரூத்தி. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பின்லாந்துக்கு ஜனாதிபதியாக இருந்தவர்.

அப்பாசாமிக்கு ஒரு பழக்கம் உண்டு. இங்கிலீஷில் படித்ததைப் பர்மியத்தில் எழுதுவதற்கு முன்னால் தமிழில் பெண்டாட்டியிடம் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார். அவளுக்கு விளங்கினால் ஊருக்கே விளங்கும் என்பார். அது புகழ்ச்சியா கிண்டலா என்று அவள் இன்றுவரை கேட்டதில்லை. புளிச்சக்கீரையை ஆய்ந்துகொண்டே, அரிசியைக் களைந்துகொண்டே, கரண்டு வந்த அவசரத்தில் தண்ணீர் மோட்டாரைப் போட்டுக்கொண்டே அவள் அந்த ஆளுடைய வாழ்க்கையைக் கேட்டுக் கேட்டு, அவன் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டான். குடியானவன் வீட்டுப் பிள்ளை, வக்கீலுக்குப் படித்தது, கல்யாணமான புதுசில் கூட இருந்த பணக்காரச் சிநேகிதனை யாரோ கண்ணெதிரே சுட்டுப் போட்டது, நாட்டு பாங்கிக்குப் பெரிய அதிகாரியானது, ரஷ்யா குண்டு போட்ட குளிர்காலத்தில் பிரதம மந்திரியானது, அடுத்த வருஷம் ஜனாதிபதியானது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ரூத்தியின் பெண்டாட்டி பெயர் கெர்டா என்பது வரைக்கும் தெரியும். பக்கத்துத் தெருப் பெண்கள் பெயர் பாதி தெரியாது.

ஆனால் ராதாமணிக்கு அந்த மாதம் நிஜமாக இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். அவள் மகன் நரேஷ். இருபத்துநாலு வயசு, ஒரே பிள்ளை, செல்போன் கடையில் ரிப்பேர் வேலை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற சட்டம் வந்ததிலிருந்து அவள் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்றதில்லை. எடுத்துக்கொண்டு போன பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தாய் தகப்பனுக்குத் தெரிகிறதா? மூன்று மாதம் பயிற்சி, அப்புறம் சண்டை நடக்கிற ஏதோ ஒரு மலை, அப்புறம் போனும் கிடையாது பேச்சும் கிடையாது. பின் தெருவில் மீன் விற்கிறவள் மகனுக்குச் சவப்பெட்டி கூட வரவில்லை, ஒரு கடுதாசிதான் வந்தது.

இதில் கொடுமை, பத்து வீட்டுத் தலைவர் பதவி அவள் தலையில் இருந்தது. யாங்கோனில் பத்துப் பத்து வீட்டுக்கு ஒருத்தரை வைப்பார்கள், யார் வந்தார் யார் போனார் என்று பேட்டையின் அரசாங்க ஆபீஸுக்குச் சொல்ல. முன்னால் இருந்தவர் பயந்துபோய் மகள் வீட்டுக்கு ஓடிவிட்டார். அந்த வேலையில் இருக்கிறவனைப் பட்டாளம், அதை எதிர்த்துச் சண்டை போடுகிறவர்கள் என்று இரண்டு பக்கமும் சந்தேகப்படும், எந்தப் பக்கம் சுடும் என்று சொல்ல முடியாது. பத்து வீட்டு ஆம்பளைகளும் கூடிப் பேசி, பொம்பளை என்றால் சுட மாட்டார்கள் என்று முடிவு கட்டி, ராதாமணியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வீரர்கள்!

சும்மா சொல்லக் கூடாது, அவள் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தாள். புயல் வந்தபோது அரிசி வந்தாலும் சரி, தண்ணீர் லாரி வந்தாலும் சரி, கொரோனாவில் ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்தாலும் சரி, அவள் வீட்டு முறை கடைசி. முதல் ஒன்பது வீட்டுக்கும் கொடுத்து மீந்ததுதான் அவளுக்கு. ஒரு தடவை மீறவே இல்லை. அதனால்தான் எதிர் வீட்டு நூருன்னிசாவிலிருந்து மூலை வீட்டுப் பர்மாக்காரர் வரைக்கும் அவள் சொன்னால் கேட்பார்கள். அதில் ராதாமணிக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

மழை ஓய்கிற மாதத்தில் பேட்டைத் தலைவர் ஊ டுன் லைங் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். ஐம்பது வயசு, எப்போதும் வெற்றிலை, குரலை உயர்த்தவே மாட்டார். இந்தத் தவணைக்குப் பத்து வீட்டுக்கு ஒரு பையன் வேண்டுமாம். அவள் வீடுகளில் நரேஷையும் சேர்த்து வயசுப் பையன்கள் எட்டுப் பேர். சனிக்கிழமை எட்டுப் பேரும் ஆபீஸுக்கு வர வேண்டும், பெட்டியில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள், யார் பெயர் வருகிறதோ அவன் போக வேண்டும். நியாயமாக நடக்கும், போட்டோ எடுத்து மேலே அனுப்புவோம் என்றார். சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. வீட்டுக்கு எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

எட்டில் ஒன்று. நூருன்னிசா மகன் முஜிபுர் ரஹ்மானும் அந்த எட்டில் ஒருத்தன். நூருன்னிசா வந்து ராதாமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நாலு நாளில் எங்கே அனுப்புவது? வழியெல்லாம் சோதனைச் சாவடி. அடையாளக் கார்டைப் பார்த்து வயசைப் பார்த்து இறக்கிவிடுகிறார்கள். ஆள் பிடித்து, படகு பிடித்து, போய்த் தங்க ஒரு இடம் பார்த்து அனுப்ப மூன்று வாரமாவது வேண்டும்.

அன்று மத்தியானம் அப்பாசாமி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மனுஷனுக்கு மகனைப் பற்றிய பயம் வந்தால் எழுத்துக்குள் போய் ஒளிந்துகொள்வார். ஜன்னல் வெளிச்சத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அவள் கேட்கிறாளா என்றுகூடப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனார். நாற்பத்துநாலாம் வருஷம் ஜூன் மாதம். ரஷ்யா மறுபடி பெரும்படையாக வந்துவிட்டது, பின்லாந்துக்கு ஆயுதம் இல்லை. ஜெர்மனிக்காரன் தருகிறேன் என்கிறான், ஆனால் எங்களை விட்டுவிட்டுத் தனியாகச் சமாதானம் பேச மாட்டோம் என்று எழுதிக் கொடு என்கிறான். எழுதிக் கொடுத்தால் நாடே அவனோடு சேர்ந்து மூழ்க வேண்டும், கொடுக்காவிட்டால் நாளைக்கே ரஷ்யா வந்துவிடும். ரூத்தி என்ன செய்தார் தெரியுமா? நாடாளுமன்றத்தைக் கேட்கவில்லை. நாட்டின் பேரில் எழுதாமல் தன் பேரில், நான் பதவியில் இருக்கும் வரைக்கும் தனிச் சமாதானம் இல்லை என்று ஒரு கடிதம் எழுதினார். ஆயுதம் வந்தது, எல்லை நின்றது. ஆகஸ்டு பிறந்ததும் பதவியை விட்டு இறங்கிவிட்டார். அடுத்து வந்த தளபதி, அது அவர் எழுதியது, எங்களைக் கட்டாது என்று சொல்லிவிட்டுச் சமாதானம் பேசி நாட்டைக் காப்பாற்றினார்.

ராதாமணி கீரையைக் கீழே வைத்தாள்.

"பெறவு? அந்தாளு என்ன ஆனார்?"

"ரஷ்யா விடலை. அவர்மேல கேஸ் போடறதுக்குன்னே புதுசா ஒரு சட்டம் போட்டாங்க. பத்து வருஷம் ஜெயில். உள்ள போயி சீக்காளியாயி, மூணு வருஷத்துல விட்டாங்க. அதுக்கப்பறம் அரசியல் பக்கமே வரலை."

"தெரிஞ்சுதான் எழுதிக் கொடுத்தாரா?"

"தெரியாமயா இருக்கும்? தன் தலையில எழுதிக்கிட்டாரு. மத்தவங்க தலை தப்பிச்சுது."

அவள் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஐம்பத்தாறு. பத்து வருஷம் என்றால் அறுபத்தாறு. உயிரோடு திரும்பி வந்தால் வரலாம், வராவிட்டால் போகிறது. நரேஷ் எங்கேயாவது ஒரு ஊரில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பான். அவ்வளவுதானே வேண்டும். மூன்று மாதமாக வைத வாயால் அன்றைக்கு அந்தப் பின்லாந்துக்காரனை மகராசன் என்றாள்.

மறுநாளே பேட்டை ஆபீஸுக்குப் போனாள். தடிஞ்சு விளக்குப் பண்டிகை முடியட்டும், பிள்ளைகள் ஒரு பண்டிகையாவது வீட்டோடு இருக்கட்டும், மூன்று வாரம் குலுக்கலைத் தள்ளிப் போடுங்கள் என்று கேட்டாள். ஊ டுன் லைங் வெற்றிலையைத் துப்பிவிட்டு, அதுக்குள்ளே எட்டும் ஓடிப்போனால் மேலே நான் என்ன பதில் சொல்வது என்றார். அதற்குத்தான் அவள் காத்திருந்தாள். அப்பாசாமி உட்கார்ந்து உட்கார்ந்து பர்மியத்தில் எழுதித் தந்த பொறுப்புக் கடுதாசியை எடுத்து நீட்டினாள். இன்ன தெரு, இன்ன பத்து வீட்டுத் தலைவராகிய நான், இந்தப் பதவியில் இருக்கும் வரைக்கும், கீழ்க்கண்ட எட்டுப் பேரும் பேட்டையை விட்டுப் போக மாட்டார்கள் என்பதற்கு நான் ஒருத்தியே பொறுப்பு. தவறினால் எந்தத் தண்டனைக்கும் நான் ஒருத்தியே உட்படுவேன். வீட்டாருக்கோ மற்ற ஒன்பது வீடுகளுக்கோ சம்பந்தமில்லை.

அவர் இரண்டு தடவை படித்தார். கையெழுத்தோடு பெருவிரல் ரேகையும் வை என்றார். வைத்தாள். கடுதாசியைப் பைலில் போட்டுக்கொண்டு, டோ மணி நல்ல தைரியசாலி என்று சிரித்தார். பர்மாக்காரர்கள் பெரிய பெண்களை டோ என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவர் கூப்பிட்டபோது ராதாமணிக்கு மரியாதை கிடைத்த மாதிரி இல்லை, விலங்கு மாட்டின மாதிரி இருந்தது. ஆனாலும் மூன்று வாரம் கிடைத்துவிட்டது.

அந்த மூன்று வாரமும் அவள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, யாரும் ஆடியிருக்க மாட்டார்கள். இரண்டு பேருக்கு மாவ்பியில் ஒரு கோழிப் பண்ணை. இரண்டு பேருக்கு ஆற்றைத் தாண்டி த்வாண்டேயில் பானை சுடுகிற சூளை ஒன்று. இரண்டு பேர் எல்லைப் பக்கம், அவர்களுக்கு ஆள் இருந்தது. முஜிபுக்கும் நரேஷுக்கும் கியாக்தான் என்கிற ஊர். அங்கே நூருன்னிசாவின் அண்ணன் முறைக்காரர் ஒருத்தர் மீன் படகு வைத்திருந்தார். இரண்டு பேரையும் சேர்த்து ஏற்றித் தெற்கே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். எல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு எழுத்து கிடையாது. அவள் கோயிலுக்குப் போகிற கூடையோடு வீடு வீடாகப் போய், ஒவ்வொருத்தருக்கும் அவரவர் வழியை மட்டும் சொன்னாள்.

ஒரு விஷயத்தில் அவள் கண்டிப்பாக இருந்தாள். பதவியில் இருக்கிற வரைக்கும் ஒரு பையன்கூட நகரக் கூடாது. கைநாட்டு வைத்திருக்கிறாள், அது பொய்யாகக் கூடாது. பண்டிகை முடிந்த திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஆபீஸ் திறக்கும். ஒன்பதுக்கு அவள் ராஜினாமாவை நீட்டுவாள். ஒன்பதுக்கு மேல் அந்தக் கடுதாசி யாரையும் கட்டாது, பையன்கள் ஒவ்வொருத்தனாகக் கிளம்பலாம். எட்டும் ஒரேயடியாகக் கிளம்பினால் தெருமுனையில் உட்கார்ந்திருக்கிற ஒற்றர்கள் கண்ணில் படும். ஆகையால் ஐந்து ஐந்து நிமிஷம் விட்டு. முதலில் முஜிபு, கூட அவன் தாய். கடைசியில் நரேஷ்.

அப்பாசாமி அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெண்டாட்டியிடம் கெஞ்சினார். "மணி, உன்னக் கையெடுத்துக் கும்புடறேன். இந்த ஒரு தடவை நம்ம பையன் மொதல்ல போகட்டும். முஜிபுகூடவே போகட்டும்."

"எப்பவும் நம்ம வீடு கடைசிதானே. இதுல மட்டும் என் பிள்ளைய மொதல்ல அனுப்பினா, அந்த ஏழு தாய்மாரும் என்ன நெனைப்பாங்க? பாதியில மாட்டினா, தன் பிள்ளைய அனுப்பிட்டு எங்களை மாட்டிவிட்டாள்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லட்டுமே. என்ன இப்ப?"

முப்பத்தைந்து நிமிஷம்தானே என்று நினைத்தாள். ஊ டுன் லைங்கிடம் ஒரு காகிதம் போனால், டீ குடித்து, வெற்றிலை மடித்து, முத்திரையைத் தேடி எடுக்க மத்தியானம் ஆகும். பேட்டைக்கே தெரிந்த சங்கதி. அதற்குள் நரேஷ் பஸ்ஸில் பாலம் தாண்டிவிடுவான். நரேஷ், அம்மா சொன்னால் சரி என்றான். அப்படித்தான் வளர்த்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவனுக்கு மொஹிங்கா வாங்கிக் கொடுத்து, அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலையைத் தொட்டு, போய்ச் சேர்ந்ததும் பேசாதே, போனைத் தூக்கி எறிந்துவிடு என்றாள். அழக் கூடாது என்று இருந்தாள், அழுதுவிட்டாள். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆபீஸ் வாசலில் நின்றாள். வெடிகுண்டு பயத்தில் உள்ளே போகிறவர்கள் போனை வாசலில் இருக்கிற கூடையில் போட்டுவிட்டுப் போக வேண்டும். போட்டாள். நேராகப் போய் ராஜினாமாக் கடுதாசியை நீட்டினாள். இரத்தக்கொதிப்பு, தலைசுற்றல், இந்தப் பொறுப்பைத் தாங்க உடம்பில் தெம்பில்லை என்று எழுதியிருந்தது.

அன்றைக்கென்று ஊ டுன் லைங் டீ குடிக்கவில்லை. படித்தார். பேனாவை எடுத்தார், ஏற்றுக்கொண்டேன் என்று எழுதினார், முத்திரை குத்தினார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த இடத்தில் தன் மச்சினியை வைக்க அவருக்கு வெகு நாளாக ஆசை என்று அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ராதாமணி கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். நெஞ்சில் ஒரு பாரம் இறங்கினது நிஜம். அந்த நிமிஷம் அவள் தன்னையே கொஞ்சம் மெச்சிக்கொண்டாள்.

"உக்காருங்க, டோ மணி" என்று அவர் பர்மியத்தில் சொன்னார். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

பைலைத் திறந்து அவளுடைய பொறுப்புக் கடுதாசியை எடுத்தார். பதவியில் இருக்கும் வரைக்கும் என்ற இடத்தில் விரலை வைத்தார். குரல் கொஞ்சமும் மாறவில்லை. நீங்கள் பொறுப்பு எடுத்துக்கொண்டதால்தான் நானும் மேலே சொல்லிக் குலுக்கலைத் தள்ளிப் போட்டேன், இப்போது நீங்கள் பதவியில் இல்லை, பொறுப்பும் இல்லை, பொறுப்பு இல்லாமல் நான் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போட முடியாது, ஆகவே இன்றைக்கே இப்போதே முடித்துவிடலாம் என்றார். கடுதாசியை இரண்டாகக் கிழித்து, உங்களுக்கு இனிமேல் ஒரு தொந்தரவும் இல்லை என்று அவள் கையிலேயே கொடுத்தார். வெளியே இருந்த நாலு பேரைக் கூப்பிட்டு, இரண்டு மோட்டார் சைக்கிளில் போய் அந்தத் தெருவின் எட்டுப் பையன்களையும் கூட்டி வாருங்கள் என்றார்.

சுவரில் கடிகாரம் ஒன்பதே கால் காட்டியது. தெருவுக்கு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷம், சந்து நெரிசலில் பதினேழு. ராதாமணி எழுந்தாள். மயக்கம் வருகிறது, வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். உட்காருங்கள் என்றார். போனாவது பேசுகிறேன் என்றாள். குலுக்கல் முடிந்ததும் பேசலாம் என்றார். வாசலில் துப்பாக்கியோடு ஒருத்தன் நின்றான். கூடையில் அவளுடைய போன் எல்லாப் போனுக்கும் மேலே, கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும், ஓடு என்று. அவள் பத்து விரலையும் பிசைந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது, இருபத்தைந்து. காளி, தாயே, அவனுக்குப் பொறுமை இல்லாமல் போகட்டும், அம்மா சொன்ன முறையை மீறிவிட்டு இப்போதே ஓடியிருக்கட்டும் என்று வேண்டினாள். இருபத்துநாலு வருஷத்தில் பிள்ளை தன் சொல்லைக் கேட்கக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அவன் கேட்கிற பிள்ளை. ஏழாவது பையன் தெருமுனையைத் தாண்டுகிறானா என்று பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பையைத் தோளில் போட்டபோது மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றதாம். பின்னால் அப்பாசாமி சொன்னார். அவர் குறுக்கே போய் விழுந்தாராம், தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்களாம்.

பத்து மணிக்கு நரேஷைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தோளில் பை அப்படியே இருந்தது. மற்ற ஏழு வீட்டிலும் பையன் இல்லை, எங்கே என்று கேட்டால் தெரியாது என்கிறார்கள் என்று வந்தவன் சொன்னான். ஊ டுன் லைங் முதல் தடவையாகப் பல்லைக் கடித்தார். ஏழு பெயரையும் எழுதி மேலே அனுப்பச் சொன்னார். அப்புறம் நரேஷின் பையைப் பார்த்தார், ராதாமணியைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார்.

அவள் தரையில் மண்டி போட்டாள். "நான்தான் அனுப்பினேன். ஏழு பேரையும் நான்தான் அனுப்பினேன். திட்டம் போட்டு ஒங்களை ஏமாத்தினேன். என்னைப் பிடிங்க. பத்து வருஷம் போடுங்க, எழுதிக் கொடுக்கறேன், கைநாட்டு வைக்கறேன்."

பர்மியத்தில் ஆரம்பித்தது எந்த இடத்தில் தமிழாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"ஒங்களைப் பிடிச்சு நான் என்ன செய்ய?" என்றார். "மேல கேக்கறது ஒரு பையன். ஒங்களக் கொடுத்தா ஏத்துக்க மாட்டாங்க. கடுதாசியும் செல்லாது, நீங்களே அப்படித்தானே எழுதியிருக்கீங்க. எழுந்திரிங்க, டோ மணி."

சட்டப்படி குலுக்கல் நடக்க வேண்டும், போட்டோ வேண்டும். வந்திருக்கிற ஆள் ஒருத்தன்தான் என்றாலும் பெட்டி வைத்தார்கள். ஒரு சீட்டை மடித்து உள்ளே போட்டார்கள். குமாஸ்தா பெட்டியை மெனக்கெட்டு மூன்று தடவை குலுக்கினான், உள்ளே அந்த ஒற்றைச் சீட்டு சரசரவென்று சத்தம் போட்டது. நரேஷ் கையை விட்டு எடுத்தான். பிரித்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினான், போட்டோ எடுத்தார்கள். அவன் அம்மாவைப் பார்த்து, பரவாயில்லம்மா, ஏழு பேர் போயாச்சுல்ல என்றான். அந்தப் பிள்ளைக்கு அப்போதும் அம்மாவைத் தேற்றத்தான் தெரிந்தது. ராதாமணிக்குத் தன் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது. கடைசி, கடைசி என்று சொல்லிச் சொல்லி, யாரும் மிச்சமில்லாத பெட்டியில் அவனை ஒருத்தனாக விட்டவள் அவள்தானே. எட்டில் ஒன்றாக இருந்ததை ஒன்றில் ஒன்றாக ஆக்கியவள் அவள்தானே. நல்ல பேர் வாங்கினாளே, நல்ல பேர்!

பதினோரு மணிக்கு லாரி வந்தது. மற்ற தெருக்களிலிருந்து எடுத்த பிள்ளைகள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். நரேஷ் ஏறினான். அவள் லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டாள், ஒருத்தன் விரல் விரலாக எடுத்துவிட்டான். லாரி போய்விட்டது.

வாசல் காவல்காரன் கூடையிலிருந்து அவள் போனை எடுத்துக் கொடுத்தான். கையில் வாங்கும்போதே அடித்தது. நூருன்னிசா. கியாக்தான் படகுத்துறையில் நிற்கிறாளாம், முஜிபு பத்திரமாக வந்துவிட்டானாம். குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. மற்ற பிள்ளைகளும் வழியில் இருப்பதாகச் சேதி வந்ததாம்.

"ஒங்களுக்கு அல்லா எல்லா நன்மையும் தருவான், அக்கா. நரேஷு எங்க வந்துட்டிருக்கு? தண்ணி இறங்குது, படகுக்காரர் அவசரப்படுறாரு. முஜிபு, நரேஷு வராம ஏற மாட்டேங்குறான். கடைசியா வந்தாலும் பரவாயில்ல, நிக்கலாம்ங்கறான்."

ராதாமணி வாயைத் திறந்தாள். சொன்னால் அந்தப் பையன் திரும்பி வந்துவிடுவான், இரண்டு பேரும் சேர்ந்து வளர்ந்தவர்கள். முஜிபையோ இங்கே தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சொல்லாமல் இருக்க நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. உன் பிள்ளைக்காக என் பிள்ளை போய்விட்டான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஒரு நிமிஷம் நூருன்னிசாவை வெறுத்தாள். அது பாவம் என்று தெரிந்தும் வெறுத்தாள்.

"அவன் வேற வழியா போறான், நூரு" என்றாள். "முஜிபை ஏறச் சொல்லு. நிக்க வேணாம். இப்பவே ஏறச் சொல்லு."

போனை மறுபடி கூடையில் போட்டாள். திரும்பவும் உள்ளே போனாள். ஊ டுன் லைங் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டிருந்தார். குமாஸ்தா மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தான். என்மேல் ஒரு கேஸ் எழுதிக்கொள் தம்பி, என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்று அவனிடம் கேட்டாள். அவன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு மணிக்கு மேல் வாங்கம்மா என்று சொல்லிக் கதவைப் பூட்டினான்.